கூர்ட் ஹில்லரைப் பற்றிப் பேசும்போது எதையாவது விட்டுவிட முடியுமா?

உவர்மலை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் நாங்கள் நடத்திவரும் வாசிப்பு வட்டத்தின் அடுத்த கூட்டத்தில், கூர்ட் ஹில்லர் என்ற ஜேர்மன் எழுத்தாளரைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். எங்கள் வட்டத்தில் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டவர்கள் இல்லை என்பதால், இங்கும் முதலில் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு என் கேள்விக்கு வருகிறேன்.

ஹில்லர் 1885ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் திகதி பேர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சட்டம் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றபோதும் வழக்காடப் போகாமல் எழுத்தையே தொழிலாகக் கொண்டார். 1909இல் அவரும் நண்பர்களும் பேர்லினில் தொடங்கிய இலக்கியக் கழகத்தின் மேடையில்தான் கேயோர்க் ஹைம், யாக்கோப் வான் ஹொடிஸ் போன்ற இளங்கவிஞர்கள் தங்கள் கவிதைகளை வாசித்தார்கள். 1912இல் அவர் தொகுத்து வெளியிட்ட நூல், அக உணர்ச்சியை முதன்மைப்படுத்திய எக்ஸ்பிரஷனிசக் கவிதைகளின் முதல் தொகுப்பாக இன்றும் மதிக்கப்படுகிறது. முதலாம் உலகப் போரின்போது, எழுதுகிறவன் எழுத்தோடு நின்றுவிடாமல் உலகை மாற்றும் செயலிலும் இறங்க வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்து ஆண்டுமலர்களை வெளியிட்டார். 1926இல் புரட்சிகரச் சமாதானவாதிகளின் குழுவை அமைத்தார்; புகழ்பெற்ற அங்கத எழுத்தாளர் கூர்ட் துகோல்ஸ்கியும் அதில் இருந்தார். இருவரும் எழுதிவந்த 'வெல்ட்பூனே' வார இதழுக்கு ஆசிரியராக இருந்த கார்ல் ஃபொன் ஒசியெட்ஸ்கி, பின்னாளில் நாஸிகளின் கைதியாக இருக்கும்போதே 1935ஆம் ஆண்டுக்கான நோபல் சமாதானப் பரிசைப் பெற்றவர்.

ஹில்லர் ஆண்களை நேசித்த ஆண். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய ஜேர்மன் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவை நீக்குவதற்காக, மருத்துவர் மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1897இல் தொடங்கிய குழுவில் அவர் இளம் வயதிலேயே சேர்ந்து, 1929இல் அதன் துணைத்தலைவர்களில் ஒருவரானார். 1922இல் அவர் வெளியிட்ட நூலொன்று அந்தப் பிரிவை நூற்றாண்டின் அவமானம் என்று தலைப்பிலேயே சாடியது.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஹில்லர் கைதுசெய்யப்பட்டார். யூதர், இடதுசாரி, சமாதானவாதி, தன்பாலீர்ப்பாளர் என அந்த ஆட்சி வெறுத்த அனைத்துமாக ஒரே மனிதர் இருந்தார். பேர்லினின் கொலம்பியா ஹவுஸ் சிறையிலும் பிராண்டன்பேர்க், ஒரானியென்பேர்க் வதைமுகாம்களிலும் கொடிய சித்திரவதைகளை அனுபவித்து, 1934இல் விடுவிக்கப்பட்டு, அதே ஆண்டில் பிராக் நகருக்குத் தப்பினார். 1938இல் அங்கிருந்தும் ஓடி இலண்டன் சேர்ந்தார். 1955இல்தான் ஜேர்மனிக்குத் திரும்பினார். 1972 ஒக்டோபர் 1ஆம் திகதி ஹம்பேர்க்கில் காலமானார்.

இனி என் கேள்வி. எங்கள் வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், நான் மிகவும் மதிப்பவர், "போர் எதிர்ப்பையும் புலம்பெயர்ந்த வாழ்வையும் விரிவாகச் சொல்லுங்கள், அவருடைய அந்தரங்கத்தைத் தொட வேண்டாம். உயர்தர மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் மண்டபத்தில் இருப்பார்கள்" என்று அன்போடுதான் கேட்டுக்கொண்டார். அவருடைய தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் படிக்கப் படிக்க, இந்த இரண்டையும் பிரித்தால் மிஞ்சுவது ஹில்லர்தானா என்ற ஐயம் வலுக்கிறது. உங்கள் கருத்து என்ன? போர் முடிந்து இத்தனை ஆண்டுகளின் பின்னரும் வீட்டுக்கொரு படத்துக்கு மாலை போட்டிருக்கும் நம் ஊரில், சமாதானவாதம் என்ற சொல்லை எந்த முகத்தோடு சொல்வது என்பதும் எனக்குக் கேள்வியாகவே இருக்கிறது.

சட்டத்தரணி, உப்புவெளி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நீதிமன்றங்களில் நெடுங்காலம் நின்றவன் என்ற முறையில், ஹில்லரின் முதல் நூலிலிருந்தே பதில் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் கேட்டதற்கான விடை அங்கேயே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

1908இல், தமது இருபத்து மூன்றாவது வயதில், ஹைடெல்பேர்க்கிலிருந்து அவர் வெளியிட்ட அந்த நூலின் பொருள், ஒரு மனிதனுக்குத் தன்மீதே உள்ள உரிமை. தண்டனைச் சட்டத்தின் மெய்யியலை ஆராயும் அந்தச் சிறுநூலில் தற்கொலை, தன்னுடலைத் தானே ஊனப்படுத்திக்கொள்ளல், இருவர் உடன்பட்டு நிகழ்த்தும் ஒற்றைக்கொற்றைச் சண்டை, கருக்கலைப்பு, தன்பாலுறவு ஆகியவற்றையெல்லாம் ஒரே வரிசையில் வைத்து, பிறருக்குத் தீங்கு நேராத இடத்தில் ஒருவனுடைய உடல்மீது கைவைக்க அரசுக்கு என்ன அதிகாரம் என்று கேட்கிறார். பட்டியலில் உள்ள எல்லாவற்றிலும் நான் அவரோடு உடன்படுவதில்லை. நீங்களும் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வி போகும் திசையைக் கவனியுங்கள். உன் உடல் உனக்கே உரியது என்றால், நீ யாரை நேசிக்கலாம் என்று அரசு விதிக்க முடியாது. உன் உயிரை எந்தப் போர்முனையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றும் அது விதிக்க முடியாது. 1914இல் ஐரோப்பாவின் அரசுகள் இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாகப் பதுங்குகுழிகளுக்குள் தள்ளியபோது, ஹில்லர் புதிதாக ஒரு கொள்கையைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. 175ஆம் பிரிவுக்கு எதிராக எழுதிய அதே வாதத்தைக் கட்டாய இராணுவ சேவைக்கு எதிராகத் திருப்பினால் போதுமானதாக இருந்தது. அவருடைய சமாதானவாதம் பரந்த மனத்தின் இரக்கத்திலிருந்து மட்டும் வந்ததல்ல, ஒரு சட்ட வாதத்திலிருந்து வந்தது. அந்த வாதத்தின் முதற்படி, உங்கள் மூத்த உறுப்பினர் தொட வேண்டாம் என்று சொல்லும் இடத்தில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால், போர் தீயது என்று சொன்ன ஆயிரம் நல்லவர்களில் ஒருவராக மட்டுமே அவர் தெரிவார்.

இன்னொன்றையும் உங்கள் உரையில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 1928இல் கொப்பன்ஹேகனில் பாலியல் சீர்திருத்த மாநாடு ஒன்று கூடியது. அதற்காக ஹில்லர் எழுதிய உரையை ஹிர்ஷ்ஃபெல்ட் அங்கே வாசித்தார். தன்பாலீர்ப்பாளர்களை ஒடுக்கப்பட்ட ஒரு மனிதச் சிறுபான்மையினர் என்று அந்த உரை பெயரிட்டு அழைக்கிறது. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் எழுதப்பட்ட உடன்படிக்கைகள் இனச் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டிருந்தன. அதே தர்க்கத்தை இயற்கை உருவாக்கிய இந்தச் சிறுபான்மைக்கும் நீட்டுங்கள் என்பது அவருடைய வாதம். சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு 2ஆம் உபபிரிவு என்று சொன்னால் நம் தலைமுறையில் சிறுபான்மைப் பாதுகாப்பு நினைவுக்கு வராதவர் இல்லை. அது 1972இல் இல்லாமற்போனதும் நமக்குத் தெரியும். எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு எழுத்தில் ஒரு காப்பு வேண்டும் என்று ஏங்கிய ஒரு சமூகத்துக்கு ஹில்லரின் உரை அந்நியமாக இருக்க நியாயமில்லை.

நம் நாட்டு நிலைமையையும் ஒருவர் கேட்பார், ஆகவே குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் 1883இல் இயற்றிய நம் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகள், ஹில்லர் எதிர்த்த 175ஆம் பிரிவுக்கு உறவுக்காரர்கள். ஜேர்மன் பிரிவு ஆண்களை மட்டும் தண்டித்தது. நமது பிரிவை 1995இல் திருத்தியபோது அது நீக்கப்படவில்லை, பெண்களையும் உள்ளடக்கும் வகையில் விரிக்கப்பட்டது. இந்தப் பிரிவுகளை மாற்ற முனைந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தபோதும், அந்தச் சட்டமூலம் அன்றைய பாராளுமன்றத்தில் நிறைவேறவில்லை.

ஹம்பேர்க்கில் வாழும் மூதூரான் எழுதியது:

ஐயா எழுதியதை முழு மனத்தோடு ஏற்றுக்கொள்கிறேன். நான் புலம்பெயர்ந்த வாழ்வைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சேர்க்கிறேன். ஹில்லர் தமது கடைசிப் பதினேழு ஆண்டுகளைக் கழித்த நகரத்தில் நானும் வாழ்கிறேன். அவரைப் போல ஓடி வந்தவன்.

அக்கா, உங்கள் சுருக்கத்தில் "1955இல்தான் ஜேர்மனிக்குத் திரும்பினார்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரிக்குள் நிறைய இருக்கிறது. நாஸிகள் 1935இல் 175ஆம் பிரிவை மிகக் கடுமையாக்கினார்கள். அதற்கு முன்னர் நீதிமன்றங்கள் குறிப்பிட்ட உடற்செயல்களை நிரூபிக்கும்படி கேட்டன. புதிய வாசகத்தின் கீழ் ஒரு பார்வையோ தொடுகையோகூடத் தண்டனைக்குப் போதுமானதாக வியாக்கியானம் செய்யப்பட்டது. நாஸி ஆட்சியில் ஏறத்தாழ 50,000 ஆண்கள் இந்தப் பிரிவின் கீழ் தண்டிக்கப்பட்டார்கள். பல்லாயிரவர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டு, தன்பாலீர்ப்பாளர் என்று அடையாளம் காட்டும் இளஞ்சிவப்பு முக்கோணம் தைத்த உடையோடு அங்கே அடைக்கப்பட்டார்கள். 1945இல் போர் முடிந்தது, ஹிட்லரின் சட்டங்கள் பல நீக்கப்பட்டன. ஆனால் மேற்கு ஜேர்மனி இந்தப் பிரிவை நாஸிகள் எழுதிய அதே வாசகத்தோடு வைத்துக்கொண்டது. 1957 மே 10ஆம் திகதி அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. பேர்லினில் நாஸி மாணவர்கள் நூல்களைத் தீயிலிட்டதும் ஒரு மே 10ஆம் திகதிதான், 1933இல்.

ஆகவே, வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய முதியவர் தமது எழுபதாவது வயதில் தாய்நாட்டுக்குத் திரும்பியபோது, அவரை அடித்தவர்களின் சட்டமே அங்கே அவருக்காகக் காத்திருந்தது. 1969இல் அந்த வாசகம் தளர்த்தப்பட்டபோது அவருக்கு எண்பத்து நான்கு வயது. பிரிவு முழுமையாக நீக்கப்பட்டது 1994இல், அவர் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர். போருக்குப் பின்னர் தண்டிக்கப்பட்டவர்களின் தீர்ப்புகளை இரத்துச்செய்யும் சட்டம் 2017இல்தான் வந்தது. அவருடைய காதலைப் பற்றிப் பேசாமல் இந்தத் திரும்புதலைப் பற்றி எப்படிப் பேசுவீர்கள்? ஒரு முதியவர் ஊர் திரும்பினார், எல்லாம் இனிதே முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அது உண்மையல்ல.

இங்கு வந்த புதிதில் நாங்கள் அசூல் முகாமில், அதாவது தஞ்சம் கோரியவர்களுக்கான முகாமில், இருந்தோம். என் வழக்கை விசாரித்த அதிகாரி, மொழிபெயர்ப்பாளரை இடையில் வைத்துக்கொண்டு, உங்களை யார் துரத்தினார்கள், எதற்காகத் துரத்தினார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரே ஒரு காரணத்தைச் சொன்னால்தான் படிவத்தில் எழுதலாம் என்பதுபோல் அந்தக் கேள்விகள் இருந்தன. தமிழன், மீன்பிடிக் குடும்பத்தவன், ஆயுதம் ஏந்திய இரு தரப்புக்கும் இடையில் அகப்பட்டவன் என்ற என் வாழ்க்கை எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை. ஹில்லரைப் படித்தபோது அந்த மேசையை நினைத்துக்கொண்டேன். யூதர் என்பதற்காகத் துரத்தப்பட்டாரா, இடதுசாரி என்பதற்காகவா, ஆண்களை நேசித்ததற்காகவா என்று அவரிடம் கேட்டிருந்தால் எதை விட்டு எதைச் சொல்லியிருப்பார்?

அவருடைய தனிமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1920களில் சோவியத் சட்டம் தன்பாலுறவைக் குற்றமாகக் கருதவில்லை. அது ஹில்லர் போன்ற இடதுசாரிகளுக்குப் பெரும் நம்பிக்கையாக இருந்தது. 1934இல் ஸ்டாலினின் அரசு அதை மீண்டும் குற்றமாக்கியது. அதே ஆண்டில் சோவியத் எழுத்தாளர் மக்சிம் கோர்க்கி, தன்பாலீர்ப்பாளர்களை ஒழித்தால் பாசிசம் மறைந்துவிடும் என்ற கருத்துப்பட எழுதினார். ஹில்லர் வதைமுகாமிலிருந்து வெளியே வந்த ஆண்டும் அதுவே. தம்மைக் காக்க வேண்டியவர்களே தம்மைப் பாசிசத்தின் அடையாளம் என்று சொல்லக் கேட்டபடி அவர் பிராக்கில் அகதியாக எழுதிக்கொண்டிருந்தார் என்பதை உங்கள் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். எதிரியிடமிருந்து ஓடியவனுக்கு நண்பர்களிடமும் இடம் கிடைக்காத நிலை நம்மவர்கள் பலருக்குப் பட்டுத் தெரிந்த ஒன்று.

நிலாவெளி எழுதியது:

மேலே இருவரும் எழுதியவற்றை மறுக்க வரவில்லை. ஆனால் ஹில்லரைத் தூக்கிப் பீடத்தில் வைக்கும் உரை ஒன்றை நம் மாணவர்கள் கேட்டால் அவர்களுக்கு நன்மையில்லை என்று நினைக்கிறேன். அவரிடம் பெருங்குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்ல வேண்டும்.

முதலாவதாக, ஹில்லருக்கு மக்களாட்சியில் நம்பிக்கை குறைவு. எண்ணிக்கையால் அல்ல, அறிவால் நாடு ஆளப்பட வேண்டும் என்றும், சிந்தனையாளர்களுக்கு ஆட்சியில் தனியான ஓர் அவை வேண்டும் என்றும் வாதிட்டார். 1918 நவம்பர்ப் புரட்சியின்போது தொழிலாளரும் படைவீரரும் தங்கள் பேரவைகளை அமைத்தபோது, அவர் அறிவுழைப்பாளருக்கென ஒரு பேரவையை அமைக்க முன்னின்றார். அது சில மாதங்களுக்கு மேல் நிலைக்கவில்லை. 1926இல் வெல்ட்பூனேயில் முசோலினியைப் பற்றி எழுதிய கட்டுரையில், அந்த மனிதனின் வீரியம் அவரைக் கவர்ந்திருப்பது வெளிப்படையாகத் தெரிகிறது. படித்தவர்கள் சொன்னால் ஊர் கேட்க வேண்டும் என்ற நம்பிக்கை நம் சமூகத்திலும் ஊறிய ஒன்று. அது நம்மை எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டது என்பதை நினைத்தால், ஹில்லரின் இந்தப் பக்கத்தைப் பார்த்து நாம் பாடம் கற்கவும் இடமுண்டு.

இரண்டாவது இன்னும் கடினமானது. உங்கள் இரண்டாம் கேள்விக்கு அது நேரடியான பதில். ஜேர்மன் மெய்யியலாளர் வோல்ட்டர் பெஞ்சமின் 1921இல் வன்முறையைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஹில்லரை எடுத்துக்கொண்டு மறுக்கிறார். ஓர் இருப்பின் மகிழ்ச்சிக்கும் நீதிக்கும் மேலாக அந்த இருப்பே நிற்கிறது என்பது ஹில்லரின் நிலைப்பாடு. வெறுமனே உயிரோடிருப்பது நீதியான வாழ்வைவிட உயர்ந்தது என்றால் அது பொய்யானது, இழிவானதும்கூட என்கிறார் பெஞ்சமின். நான் இளைஞனாக இருந்த காலத்தில் என்னைச் சுற்றி எல்லோரும் பெஞ்சமின் பக்கம்தான் இருந்தார்கள், அவர் பெயர் தெரியாமலே. தலை குனிந்து வாழ்வதைவிடச் சாவது மேல் என்ற வாக்கியத்தை நாங்கள் சுவரில் எழுதினோம், மேடையில் கேட்டோம், நம்பினோம். அந்த நம்பிக்கையோடு போனவர்களை நான் ஒருபோதும் இழிவாகப் பேச மாட்டேன். நீதி இல்லாத அமைதியை அமைதி என்று ஏற்கவும் மாட்டேன்.

ஆயினும், வயது போகப் போக எனக்கு ஹில்லரின் வாக்கியம் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. அவர் ஒடுக்கப்பட்டவனைப் பார்த்து "அடங்கி வாழ்" என்று சொல்லவில்லை. அவர் முற்றிலும் வன்முறையை மறுத்தவரும் அல்லர். அதனால்தான் தம் குழுவுக்குப் புரட்சிகர என்ற அடைமொழி வைத்தார், மறு கன்னத்தைக் காட்டும் சமாதானவாதிகளோடு ஓயாமல் சண்டை பிடித்தார். அவர் மறுத்தது, இன்னொருவனுடைய உயிரைப் பொதுநோக்கின் பெயரால் எடுத்துச் செலவழிக்கும் அதிகாரத்தை. தானே விரும்பிச் சாகப் போகிறவனிடம் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தன்மீதுள்ள உரிமை என்ற அவருடைய முதல் நூலின்படி அது அவனவன் முடிவு. வீட்டு வாசலில் வந்து நின்று, உன் பிள்ளையைக் கொடு என்று கேட்கிறவனிடம்தான் அவருக்கு வழக்கு. கேட்பது அரசாக இருந்தாலும் சரி, அரசை எதிர்ப்பவராக இருந்தாலும் சரி. நம் மாவட்டத்தில் வீட்டுக்கொருவர் என்று கேட்டு வந்த நாட்களில் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் பேசிய தாய்மார் பெஞ்சமினையும் படிக்கவில்லை, ஹில்லரையும் படிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகப் பையோடு ஒரு பெண் பிள்ளையைப் பொன்னுருக்கலுக்கு இருத்தியதை என் கண்ணால் கண்டேன். அவளுடைய விரல்களில் பேனை மை இன்னும் காயாமல் இருந்தது. அந்தத் தாய் கோழையல்லள். அவள் செய்ததற்கு ஒரு மெய்யியல் வேண்டுமென்றால், அது ஹில்லரிடம் இருக்கிறது.

ஆகவே சகோதரி, சமாதானவாதத்தை ஓர் உயர்ந்த இலட்சியமாக மேடையிலிருந்து அறிவிக்காதீர்கள். பெஞ்சமினின் மறுப்பை முழுப் பலத்தோடு முதலில் சொல்லுங்கள். பிறகு ஹில்லரைப் பேச விடுங்கள். மண்டபத்தில் இருக்கும் தாய்மார் தீர்ப்புச் சொல்லட்டும்.

பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர் எழுதியது:

நான் திருகோணமலையைச் சேர்ந்தவன். இருபத்தைந்து வயதாகிறது. இப்படி ஓர் உரை நடக்கப் போவதை அறிந்தே இந்த இழையைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கூட்டத்துக்கும் வருவேன், பின்வரிசையில் இருப்பேன்.

அந்த மூத்த உறுப்பினர் மாணவர்களை நினைத்துக் கவலைப்படுகிறார். நான் உயர்தரம் படித்த காலத்தில் ஹில்லரைப் போன்ற ஒருவர் உலகத்தில் வாழ்ந்திருக்கிறார் என்று எந்த மேடையிலிருந்தாவது யாராவது சொல்லியிருந்தால், எனக்கு நேர்ந்ததுபோல் வேறு யாருக்கும் நேர்ந்ததில்லை என்ற எண்ணத்தோடு அந்த ஆண்டுகளைக் கழித்திருக்க மாட்டேன். வகுப்பில் என்னை அழைத்த பெயர்களை இங்கே எழுத விரும்பவில்லை. அந்தப் பெயர்கள் மட்டுமே எனக்குத் தெரிந்த பெயர்களாக இருந்தன. சட்டம் படித்த, கவிஞர்களைத் திரட்டிய, வதைமுகாமில் அடிபட்டும் தன் வாதத்தைக் கைவிடாத ஒரு மனிதரும் என்னைப் போன்றவர்தான் என்பது ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை, அது தேவைப்படாதவர்களால் உணர முடியாது.

அந்தரங்கம் என்று சொல்கிறார்கள். ஹில்லர் அதை நூலாக எழுதி, மாநாட்டுக்கு அனுப்பி, நாடாளுமன்றத்தைப் பார்த்துக் கேள்வியாகக் கேட்டவர். அவர் பகிரங்கமாகச் சொன்னதை நாம் அவர் சார்பில் மறைப்பதற்கு அவரிடம் அனுமதி பெறவில்லை. அக்கா, தயவுசெய்து பேசுங்கள். நீங்கள் பேசும்போது யாரும் திரும்பி என்னைப் பார்க்கப் போவதில்லை. நான் அங்கே இருக்கிறேன் என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

உவர்மலை வாசகி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தப் பதில்களை அச்செடுத்து எங்கள் மூத்த உறுப்பினரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாக வாசித்தார். கடைசிப் பதிலை மீண்டும் ஒருமுறை வாசித்துவிட்டு, "அப்படியானால் முழுவதையும் பேசுங்கள், பெற்றோர் யாராவது கேட்டால் நான் பதில் சொல்கிறேன்" என்றார். இது அவருக்கு எளிதான முடிவல்ல என்பதை அறிவேன். அவருக்கு என் வணக்கம்.

பின்வரிசையில் இருக்கப்போகும் தம்பிக்கு: உங்களை அறியாத ஒருவராகவே நான் மேடையில் நிற்பேன். ஆனால் யாருக்காகப் பேசுகிறேன் என்பது எனக்குத் தெரியும்.

உரையின் அமைப்பை மாற்றிவிட்டேன். பிறப்பிலிருந்து இறப்பு வரை ஆண்டு வரிசையில் சொல்வதாக இருந்ததைக் கைவிட்டு, 1908ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குகிறேன். அங்கிருந்து ஒரு பாதை 175ஆம் பிரிவுக்கும் இன்னொரு பாதை 1914ஆம் ஆண்டின் போர்முனைக்கும் போகும். இரண்டும் 1933இல் கொலம்பியா ஹவுஸின் வாசலில் மீண்டும் சேரும். நிலாவெளி அன்பர் சொன்ன பெஞ்சமினின் மறுப்பை இதற்கு நடுவில் வைக்கிறேன். ஹில்லரின் அறிவாளர் ஆட்சிக் கனவையும் முசோலினிக் கட்டுரையையும் மறைக்காமல் சொல்வேன். மூதூர் அன்பர் எழுதிய 1957ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் நேரம் கொடுக்கப் போகிறேன். ஒரு கொடுங்கோலாட்சி முடிந்த பின்னரும் அதன் சட்டம் உயிரோடிருக்கக்கூடும் என்பதை நம் மாணவர்கள் அறிந்துகொள்வது மிக அவசியம் என்று தோன்றுகிறது.

ஹிர்ஷ்ஃபெல்ட்டைப் பற்றியும் ஒரு பகுதி சேர்த்திருக்கிறேன். அவர் 1931இல் தமது உலகப் பயணத்தின்போது இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தவர். அந்தப் பயணம் முடிந்தும் அவரால் ஜேர்மனிக்குத் திரும்ப முடியவில்லை. பேர்லினில் அவர் கட்டியெழுப்பிய ஆய்வு நிலையத்தை 1933 மே 6ஆம் திகதி நாஸி மாணவர்கள் சூறையாடினார்கள். நான்கு நாட்களின் பின்னர் அதன் நூல்களை எரித்தபோது அவருடைய மார்பளவுச் சிலையையும் கம்பில் செருகி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். பாரிஸில் ஒரு திரையரங்கில் அமர்ந்து, செய்திப்படத்தில் அந்தத் தீயை அவர் பார்த்தார். 1935இல், தமது அறுபத்தேழாவது பிறந்தநாளன்று, நீஸ் நகரில் இறந்தார். நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பகுதியை விளக்க வேண்டிய தேவை இருக்காது.

சட்டத்தரணி ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். 365, 365அ ஆகிய பிரிவுகளைப் பற்றிய கேள்விகள் நிச்சயம் வரும். சட்டம் அறியாத நான் அவற்றுக்கு மேடையில் பதில் சொல்வது முறையல்ல. உரை முடிந்த பின்னர் கால்மணி நேரம் நீங்கள் பேச இயலுமா? உப்புவெளியிலிருந்து அழைத்துவர வாகனம் அனுப்புகிறோம். நிலாவெளி அன்பரும் வருவதாக இருந்தால், பெஞ்சமினின் பக்கத்தை அவரே எடுத்து வாதாடட்டும். என்னைவிட அவருக்கு அதைச் சொல்லும் உரிமை அதிகம்.